தாய்மாமன் திறந்த குழாய்

மதுரை, ஆரப்பாளையம். 1936 மே 18, திங்கட்கிழமை, காலை ஐந்தேகால் மணி. நேற்று வந்தவர்கள் நூற்று முப்பது பேர், பானை இரண்டு, மீதி ஒரு சொட்டு இல்லை.

அன்பு மகள் முத்துத்தாய்க்கு அப்பா எழுதுவது. நான், உன் அம்மா, தம்பி சோணை மூவரும் சுகம், வெயிலைத் தவிர வேறு குறை இல்லை. ரங்கூனில் நீயும் மாப்பிள்ளையும் அதுபோல இருக்க அழகர் துணை. மில் சங்கு ஊதுவதற்குள் முடிக்க வேண்டும், சுற்றி வளைக்க நேரமில்லை.

தம்பிக்கு நேற்றுக் காது குத்தினோம். உன் கல்யாணத்தில் நாலு பேர் செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடியும் கடைசிப் பந்திக்கு வெந்நீர்தான் கிடைத்தது, அது எனக்கு ஆறவே இல்லை. அதனால் இந்தத் தடவை இரண்டு பெரிய மண்பானைகளின் பக்கவாட்டில் அடியோரமாகத் துளை போட்டு, ஈயம் பூசிய பித்தளைக் குழாய் வைத்து, ஒழுகாமல் தோல் வளையம் கொடுத்து முடுக்கினேன். ஈரமணலில் உட்காரவைத்துச் சுற்றிலும் நனைந்த சாக்கு, உள்ளே மூடிய தகரப் போகணியில் ஐஸ் கட்டி. ஒன்றில் பானகம், ஒன்றில் நீர்மோர். கறிவேப்பிலை குழாயை அடைத்தது, உன் அம்மாவைத் துணியில் வடிகட்டச் சொன்னேன், வாசமே போயிடும் என்று அவள் சண்டை பிடித்தாள், கடைசியில் வடிகட்டினாள். பக்கத்தில் டம்ளர்களை அடுக்கி, வேண்டியவர்கள் வேண்டியமட்டும் பிடித்துக் குடிக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நாக்கு வறண்டு பந்தலில் உட்கார்ந்து பானையையே பார்க்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. உன் மாமனார் நல்லகாமன் மச்சான் திருமங்கலத்திலிருந்து வெயிலோடு வந்து அரைமணி உட்கார்ந்திருந்தவர், சட்டென்று துண்டை உதறித் தோளில் போட்டார். "ஏன் மாப்ள, குடிங்கன்னு சொல்ல இந்த வீட்ல ஒரு வாய் இல்லையா? குழாயைத்தான் காட்டுவீகளோ?" என்று வாசலுக்கு நடந்தார். உன் அம்மா தன் அண்ணன் போவதைப் பார்த்து வெளுத்துப்போனாள். அவர் மடி இல்லாமல் தம்பிக்குக் காது குத்த முடியாது. அது போகட்டும், இன்னொரு நாள் குத்தலாம். உன்னைத் தலைப்பிரசவத்துக்கு இங்கே அனுப்பச் சொல்லி அவரிடம் கேட்க, இன்றைய தபாலைப் பிடிக்க வேண்டுமென்றால், எனக்கு நேற்று ஒரு நாள்தான் இருந்தது. அவர் சொல்லாமல் மாப்பிள்ளை உன்னைக் கப்பல் ஏற்ற மாட்டார்.

அப்போதுதான் புரிந்தது. குழாயில் பிழை இல்லை, அதை முதலில் திறக்க வேண்டியவர் யார் என்பதை நான் முடிவு செய்யாமல் விட்டிருக்கிறேன். ஓடிப்போய்க் கையைப் பிடித்து, "மச்சான், தாய்மாமன் கை படாம இதை எவன் தொறப்பான்? முதல் மரியாதை உங்களுக்குத்தான்" என்றேன். அந்த நிமிஷம் வாயில் வந்ததுதான், ஆனால் நிஜம்.

மனிதர் திரும்பி வந்து குழாயைத் திருப்பினார். முதல் டம்ளரைத் தம்பிக்குப் புகட்டினார், இரண்டாவதைத் தாம் குடித்தார், மீசையைத் துடைத்துக்கொண்டே மூன்றாவதைப் பிடித்தார். அப்புறம் பானை பக்கத்தைவிட்டு அசையவே இல்லை. "எந்திரிச்சு வாங்கப்பா, என்ன கூச்சம்" என்று ஒவ்வொருவரையும் அதட்டி எழுப்பி, தோல் வளையம் ஏன், சாக்கு ஏன் என்று தாமே செய்ததுபோல விளக்கினார். தம்பி அவர் மடியில் அழாமல் காது குத்திக்கொண்டான். நாலு மணிக்கு இரண்டு பானையும் காலி. எவர் கையிலும் செம்பு இல்லை.

புறப்படும்போது நான் வாயைத் திறக்குமுன் அவரே சொன்னார். "புள்ளையை ஆனிக்குள்ள வரச்சொல்லி எழுதிருவோம் மாப்ள. இம்புட்டுக் குளுமையா வச்சிருக்கீக, இங்கேயே பெத்துக்கிறட்டும்."

உடம்பைப் பார்த்துக்கொள். கனம் தூக்காதே. நல்லபடியாக வந்து சேர எங்கள் இருவரின் ஆசீர்வாதம். இனி நான் செய்யப்போவது:

1. உன் மாமனார் எழுதிக்கொடுத்த கடிதத்தையும் இதையும் இன்றைய தபாலில் சேர்ப்பது.
2. அவர் வீட்டுக்கு ஒரு பானைக்குக் குழாய் வைத்துக் கொடுப்பது.
3. இன்னொரு பானையை நீ படுக்கப்போகும் அறையில், படுத்தபடி கை எட்டும் உயரத்தில் வைப்பது.
4. உன் கப்பல் வரும் நாளில் சென்னைத் துறைமுகத்தில் நிற்பது.
5. வருகிறவர்களிடம் "குடிங்க" என்று சொல்லிப் பழகுவது.

இப்படிக்கு, சங்கு ஊதிவிட்டதால் ஓடும் உன் அப்பா,
பேச்சிமுத்து