பாதிச் சுவர் கிரீம், பாதிச் சுவர் சாம்பல்

இன்று காலை மகன் பெயிண்ட் கடைக் கலர் அட்டையை என் மடியில் விரித்து, "ஹாலுக்கு லைட்டா, டார்க்காம்மா? நீயே சொல்லு" என்றான். நான் அட்டையைப் பார்க்கவில்லை. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கையில் சுண்ணாம்பு மட்டையோடு நிற்கிற உன்னைத்தான் பார்த்தேன்.

தங்கச் சுரங்கத்து நந்திதுர்க் லைன் வீட்டில் உனக்கும் எனக்கும் ஒரே முன்சுவர். உன் கதவு இந்தப் பக்கம், என் கதவு அந்தப் பக்கம். உன் தங்கையைப் பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை பக்கத்துச் சுரங்கமான பாலகாட்டிலிருந்து வருகிறார்கள் என்றதும் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க முடிவானது. அதற்கு முன் வந்த இடங்கள் தட்டிப்போயிருந்ததால் இதாவது அமைய வேண்டுமே என்று உனக்கு ஒரே பதைப்பு. நீ மஞ்சள் பொடி கலந்து கிரீம் என்றாய். நான் கரிப்பொடி கலந்து சாம்பல் என்றேன். குடியாத்தத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து ஒரு வருடம்கூட ஆகாதவள் நான். எங்கள் ஊரில் அழுக்கு தெரியாத நிறம் என்றால் இருண்ட நிறம்தான்.

"வெளுப்பா அடிச்சா புள்ளங்க கை, எண்ணெத் தலை எல்லாம் செவுத்துல தெரியும்டி."

"இன்னாடி இது, அடுப்புச் சாம்பலாட்டம்? எந்தங்கச்சிய அதுக்கு முன்னால நிக்க வச்சா பொண்ணு எங்கன்னு தேடுவாங்க!"

யாரும் இறங்கி வரவில்லை. அவரவர் பாதிக்கு அவரவர் நிறம் அடித்தோம்.

சனிக்கிழமை மாலை காற்று எழுந்தது. தங்கம் எடுத்தபின் மிஞ்சிய கல்மாவைக் கொட்டிக் குவித்திருந்தார்களே, அந்த சைனைட் மேட்டிலிருந்து வெளுத்த தூசி லைன் முழுவதும் பறந்தது. மறுநாள் காலை உன் பாதியில் ஒன்றுமே தெரியவில்லை. என் பாதி மாவில் புரட்டிய மாதிரி இருந்தது. ஈரத்துணியால் துடைத்தால் கோடு கோடாக இழுத்துக்கொண்டது. என் சுவரால் சம்பந்தம் கெடப் போகிறதே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நீ சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "ஊர்லருந்து அறிவ எடுத்தாந்தியே, இங்க அடிக்கிற காத்தக் கேட்டியா?" என்று மீதி கிரீமைத் தூக்கி வந்தாய். இருவருமாக என் பாதியை அடித்து முடிக்கவும் அவர்கள் வரவும் சரியாக இருந்தது. சர்ச்சில் ஆராதனை முடிந்த கையோடு கறுப்புக் கோட்டில் வந்த மாப்பிள்ளை, கூச்சத்தில் ஒதுங்கி என் பக்கச் சுவரில் சாய்ந்துவிட்டார். திரும்பினால் முதுகெல்லாம் கிரீம். காபித் தட்டோடு வந்த உன் தங்கை களுக்கென்று சிரித்துவிட்டாள். உன் முகம் வெளிறிப் போனது. அவரோ கோட்டைக் கழற்றிப் பார்த்து, அவளையும் பார்த்து, "பரவால்லீங்க, கலர் நல்லாத்தான் கீது" என்றார். சம்பந்தம் அங்கேயே முடிவாயிற்று.

கல்யாணத்துக்கும் அதே கோட்டுதான், தோளில் லேசான வெளுப்போடு. அதைக் காட்டிக் காட்டியே காலமெல்லாம் என்னை ஓட்டினாய். நீ போனபின் என்னை அப்படிக் கேலி செய்ய ஆளில்லை; அது எனக்குப் பெரிய குறைதான்.

இந்த பெங்களூர் ஃபிளாட்டில் சைனைட் தூசி கிடையாது, எந்த நிறமும் நிற்கும். ஹாலுக்குக் கிரீம் என்று சொல்லிவிட்டேன். என் அறையில் ஒரு சுவருக்கு மட்டும் சாம்பல் கேட்டேன். "இன்னாடி இது?" என்று நீ ஆரம்பிப்பாய், தெரியும். அதற்குப் பதிலும் தயாராக வைத்திருக்கிறேன்: "இங்க பொண்ணு பாக்க யாரும் வரலடி. நீ வந்தாப் போதும்."