ஒன்று இரண்டான விடை

1998 கார்த்திகை 17, செவ்வாய்

புரோகிராமைச் சோதிக்க நான் எழுதிய ரெஸ்ற் நேற்று ஃபெயில்; இன்று பாஸாகிவிட்டது. எனக்கு மேலே இருக்கும் சிவா அண்ணை எங்கள் ஜாவா லைப்ரரிக்கு எழுதிய ‘செற்’ என்ற புரோகிராம் துண்டில் ஒரே பெயரை இரண்டு தரம் போட்டாலும் ஒன்றுதான் நிற்க வேண்டும். நேற்று இரண்டு நின்றது. இன்றும் அவருடைய புரோகிராமில் ஒரு எழுத்தும் மாறவில்லை. என் ரெஸ்றில், வர வேண்டியது என்று நான் ‘1’ எழுதிய விடைதான் ‘2’ ஆகியிருக்கிறது. மாற்றியது நான் என்று கொம்பியூட்டரின் பதிவு சொல்கிறது. நேரம் பன்னிரண்டரை. அப்போது நான் கொம்பியூட்டரைப் பூட்டாமல் கீழே சாப்பிடப் போயிருந்தேன்.

அந்தப் பிழையை நேற்று அவருக்கு மட்டும்தான் சொன்னேன். அதுவும் தமிழில், மற்றவர்களுக்கு முன்னால் அவர் வெட்கப்படக் கூடாதென்று.

பின்னேரம் என் மேசைக்கு வந்தார். “என்ன தங்கச்சி, எல்லாம் பாஸாமே? நான் அப்பவே சொன்னனான், உமக்குச் சும்மா சந்தேகம்.”

பாஸானதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

என் வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் அவருடைய கையெழுத்துக்காகக் கிடக்கிறது. “ஓம் அண்ணை” என்றேன். அவர் போனதும் விடையைத் திரும்ப ‘1’ ஆக்கி, ஃபெயிலான முடிவை அச்சடித்து, மனேச்சரின் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

இப்போதுதான் யோசிக்கிறேன். காலையில் மனேச்சருக்கு முதல் ஒஃபிஸைத் திறப்பவர் சிவா அண்ணை. அவர் திறக்கும்போது வாசலில் நிற்க, மார்க்கம் ரோட்டில் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.