"வாங்கிக்கினேன்" என்று சொல்லும் வரை

அக்கா,

நேற்று மாலை ஊரிகம் ஸ்டேஷனில் ரயிலைவிட்டு இறங்கி வீட்டுக்கு வந்தபோது, மகளின் தலையில் உங்கள் எண்ணெய் மணத்தது. கிராம்பு போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய். பின்னலும் உங்கள் பின்னல்தான். காதுக்கு மேலே இழுத்து, வலிக்கும் அளவுக்கு இறுக்கி. நீங்கள் இறந்து ஒரு மாதம் ஆகப்போகிறது.

இப்போது பள்ளி விட்டதும் அவளைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டேன். "நான் பின்னலீங்க. அந்தக்கா வீட்டு வாசல்லயே கொஞ்ச நேரம் குந்தினு இருந்தா. எழுந்து வந்தப்போ இப்டித்தான் இருந்தா," என்றாள். உங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது. பள்ளியில் யாராவது பின்னியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் நினைக்கப் பழகியவள் நான்.

நீங்கள் அவளைப் பார்த்துக்கொண்ட நாட்களிலும் பெங்களூரில் என் வேலை நேரம் அடிக்கடி மாறும். மாறினால் போனில் சொல்வது உங்களுக்குப் போதாது. காலையிலேயே நேரில் வந்து, அதுவும் பிள்ளையின் காதுபடச் சொல்ல வேண்டும். மாலையில் யார் வந்து கேட்டாலும் தூங்கும் பிள்ளையைத் தர மாட்டீர்கள். எழுப்பி முகம் துடைத்து, "யாரு வந்துக்கிறாங்க, சொல்லு," என்று அவளையே கேட்பீர்கள். அவள் சொன்ன பிறகு என்னைப் பார்ப்பீர்கள். நான் "வாங்கிக்கினேன்" என்று சொல்லும் வரை அவள் கையை விட மாட்டீர்கள். ஒருமுறை என் கணவர் வந்தபோது, "பிள்ளையா, பார்சலா?" என்று சிரித்தார். "பார்சல்னா கையெழுத்து வாங்கினு உட்டுடுவேன் சார். இது புள்ள," என்றீர்கள்.

மழை பெய்த ஒரு நாள் காரணம் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டே சொன்னீர்கள். இங்கே தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் உங்கள் கணவர் வீட்டில் சொல்லாமல் இன்னொருவரோடு ஷிப்ட் மாற்றிக்கொண்டு, அந்த ஆளின் டோக்கனோடு குழிக்குள் இறங்கியிருக்கிறார். உள்ளே பாறை சரிந்தது. டோக்கனில் இருந்த எண்ணைப் பார்த்து, அந்த இன்னொருவர் வீட்டுக்குத்தான் சேதி போயிருக்கிறது. அவரோ குடியாத்தம் போயிருந்தார்.

"அந்தப் பொம்பள உழுந்து அழுவுது. நான்தாம்மா தண்ணி குடுத்துத் தேத்தினு இருந்தேன். பொழுது சாய வீட்டுக்கு வந்தா, நம்ம ஆளு கட்டில்ல குந்தினுக்கிறாரு. இன்னா, சீக்கிரம் வந்துட்டன்னு கேட்டேன். பேசல. மறுநாள்தான் எங்கிட்ட வந்து சொன்னாங்க. சொன்னதுக்கு அப்பறம் அவரு வரல."

"அசந்து தூங்கியிருப்பீங்க அக்கா. கனவா இருக்கும்."

"இருக்கும். படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். கட்டில்ல ஒட்டினு இருந்த சேத்ததான் கனவுல கழுவ முடியல."

பிறகு கீரைத் தண்டை ஒடித்தபடி, "ஆளு மாறுனா காத்தினு இருக்கறவங்களுக்குச் சொல்லிடணும்மா. இல்லன்னா காத்தினேதான் இருப்பாங்க. இந்தப் பக்கமும், அந்தப் பக்கமும்," என்றீர்கள்.

உங்களுக்கு நெஞ்சு வலி வந்த அன்று என் ரயில் தாமதம். நான் வருவதற்குள் உங்களைக் கோலார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண் தூங்கிக்கொண்டிருந்த மகளைத் தூக்கி என் தோளில் போட்டாள். யார் வந்திருப்பது என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. நானும் "வாங்கிக்கினேன்" என்று சொல்லவில்லை. நீங்கள் திரும்பி வரவில்லை. மகள் பள்ளியில் இருந்த நேரத்தில் உங்களை அடக்கம் செய்தோம். சின்னக் குழந்தைக்கு இதெல்லாம் எதற்கு என்று, அவள் உங்களைக் கூப்பிடுகிறபடியே, பெரிம்மா ஊருக்குப் போயிருக்கிறார் என்று அவளிடம் சொன்னோம்.

நேற்று பின்னலை அவிழ்த்துக்கொண்டே, யார் பின்னியது என்று அவளிடம் கேட்டேன்.

"பெரிம்மாதான். பின்னாடி குந்தினு பின்னுனாங்க. திரும்பிப் பாக்காதன்னாங்க."

"வேற இன்னா சொன்னாங்க?"

"உங்கம்மா இன்னும் வாங்கிக்கல, நான் எப்டி உட்டுட்டுப் போறதுன்னாங்க."

தினமும் கேட்ட சொல். குழந்தைகள் இப்படிக் கோத்துக்கொள்வார்கள். ஆனால் என் விரல்களில் எண்ணெய் பிசுபிசுத்தது. அவள் நாளைக்கும் அங்கே போய் உட்காருவாள். ஒருநாள் அந்தக் கதவு திறந்தால், கூப்பிடுவது நீங்கள் என்பதால், அவள் தயங்காமல் உள்ளே போய்விடுவாள். உங்களை நினைத்து முதல்முறையாகப் பயந்தேன்.

இன்று காலை அவளை உங்கள் வாசலுக்கு அழைத்து வந்தேன். "பெரிம்மா இறந்துட்டாங்க. இனிமே வரமாட்டாங்க," என்றேன். அவள் அழவில்லை. பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கை என் கையில் இருந்தது. இன்னொரு கை, யாரோ பிடித்திருப்பதுபோல, கொஞ்சம் உயர்ந்தே நின்றது. பிறகு, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுபோல, "எங்கம்மா வந்துக்கிறாங்க," என்றாள்.

"வாங்கிக்கினேன் அக்கா," என்றேன்.

அவளுடைய அந்தக் கை மெல்லக் கீழே இறங்கியது.

நாளை என் நேரம் மறுபடி மாறுகிறது. இப்போதுதான் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். மகள் தூங்கிவிட்டிருந்தாள். எழுப்பி, அவளையும் கூட்டிக்கொண்டுதான் போனேன்.