வெள்ளிக்கிழமை மீன்

வெள்ளவத்தை,
1938 ஆனி, சனிக்கிழமை.

என்றும் அன்புள்ள ஜெகதீஸ்வரி அக்காவுக்கு,

மலாயாவின் சிரம்பான் வாழ் உற்றார் உறவினர் அனைவருக்கும் ஆழ்ந்த துயரத்துடன் அறியத் தருவது: எனது வலது செருப்பு வெள்ளவத்தைக் கடலில் சங்கமமாகிவிட்டது. இடது செருப்பு சுகம். அனுதாபங்கள் ஏற்கப்படும், புதுச் செருப்பு இன்னும் விருப்பத்துடன் ஏற்கப்படும்.

நானும் சுகம். சோதனை முடிந்தது; வேதனை பெறுபேற்றோடு வரும். அடுத்த மாதம் எனக்குக் கப்பல். இந்தக் கடிதம் எனக்கு முந்திய கப்பலில் வரும். கனகேஸ்வரி மாமி என் பெட்டியைத் தட்டித் துடைத்து வெயிலில் வைத்திருக்கிறா. நான் அந்தப் பக்கம் போகாமல் திரிகிறேன்.

சின்னப் பையனாகப் படிக்க வந்தவன், இப்போதுதான் எல்லாவற்றையும் ஒழுங்காகப் பார்க்கிறேன். சிவபாதசுந்தரம் மாமா காலை ரயிலுக்கு ஓடுகிற அழகே அழகு. பாதம் தெரியும், சுந்தரம் தெரியாது. ஆனாலும் ஒருநாளும் ரயிலைத் தவறவிட்டதில்லை. கடலோரம் ரயில் போகும்போது வீட்டுக் குவளைகள் எல்லாம் கிணுகிணுக்கும். முன்பு அது எரிச்சல். இப்போது ரயில் பிந்தினால் எனக்குக் காது பசிக்கிறது. பக்கத்து வீட்டு நளீபா மாமி ஒரே மூச்சில் ரிக்ஷாக்காரனோடு சிங்களத்தில் பேரம் பேசி, மகன் ஸவாஹிரைத் தமிழில் ஏசி, தன் பூனையை இரண்டு மொழியிலும் விரட்டுவா. மேடை போட்டுப் பார்க்க வேண்டிய காட்சி. கனகேஸ்வரி மாமியின் சொதியைப் பற்றி எழுதமாட்டேன். எழுதினால் கடிதம் நனைந்துவிடும்.

என் கலையைப் பற்றி முன்பே அளந்திருக்கிறேன். ஒழுங்கை முனையில் நின்று மீன்காரச் செபஸ்தியனின் குரலில் "மாளு, மாளூ" என்று சிங்களத்தில் மீனைக் கூவினால் எல்லா வீட்டுக் கதவும் திறக்கும். சட்டியோடு வருகிறவர்களுக்கு மீன் இராது. இளித்துக்கொண்டு நான் இருப்பேன். "எட குரங்கே, திரும்பவும் ஏமாத்திப்போட்டியே!" என்று மாமி கையை ஓங்குவா. இந்த ஒழுங்கையில் என் வலையில் விழாதவர் இல்லை என்று உங்களுக்கு எத்தனை கடிதத்தில் பெருமையடித்தேன்!

நேற்றும் கூவினேன். வழக்கம்போல எல்லாரும் வந்தார்கள். மாமி மண்சட்டியோடு, நளீபா மாமி தட்டோடு, எதிர்வீட்டு மாஸ்டர்கூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. சிரித்தபடி மாமியைப் பார்த்தேன். தலையில் ஈரம், நெற்றியில் திருநீறு. வெள்ளிக்கிழமை! எங்கள் வீட்டில் மரக்கறி தவிர வேறெதுவும் அடுப்பேறாத நாள். செபஸ்தியனே வெள்ளியில் இந்தப் பக்கம் தலைகாட்டமாட்டார். அன்றைக்கு இறைச்சியை விட்டு மீன் தின்னும் கத்தோலிக்க வேதக்காரரைத் தேடிக் கொட்டாஞ்சேனைக்குப் போய்விடுவார். நான் கிழமையை மறந்தேன், சரி. மாமி மறப்பாவா?

வெள்ளிக்கிழமையில் சட்டி எதற்கு என்று கேட்டேன். மாமி சொன்னா: "நீ கூவின முதல் நாளே தெரியுமடா. செபஸ்தியன் கூப்பிட்டால் நளீபான்ர பூனையெல்லே முதல் ஓடும்? உன்ர சத்தத்துக்கு அது கண்ணும் திறக்கேல்ல. ஒருத்தரும் வராட்டி உன்ர முகம் வாடிப்போகும் எண்டுதான் வந்தனாங்கள்."

நளீபா மாமி வெறுந்தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "நீ போனா இனி ஆரு, மகன், எங்கள கூப்பிடப் போற?" என்று கேட்டா.

ஆக, அக்கா, இவ்வளவு காலமும் ஏமாந்தவன் நான் ஒருவன்தான். பூனைகூட ஏமாறவில்லை.

அங்கே நம் கடைக்குட்டித் தம்பி என்னைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறான். அம்மாவுக்கு என் குரல் உடைந்தது தெரியாது. சிரம்பானில் மீன்காரன் எப்படிக் கூவுவான் என்பதும் எனக்கு மறந்துபோய்விட்டது. அதனால் ஒரேயொரு வேண்டுகோள். வந்த மறுநாள் காலை நம் வாசலில் நின்று, தெரிந்த ஒரே குரலில் கூவுவேன். நான்தான் என்று தெரிந்தாலும், அன்று வெள்ளிக்கிழமையாகவே இருந்தாலும், சட்டியோடு வெளியே வாருங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

ஒற்றைச் செருப்போடு,
உங்கள் தம்பி
நவரத்தினம்