வேம்பார் சர்வர் இன்னும் பட்டியலில்

அக்டோபர் 27, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. குடை ஆபீஸில், நான் வீட்டில். நனைந்துதான் போனேன்.

புது சர்வர் வந்து இறங்கிவிட்டது. நெட்வொர்க்கில் சேர்க்கப் பார்த்தால் முரண்டு. முதன்மை சர்வரைக் காணோமாம். கருப்புத் திரையைத் திறந்து dsquery server தட்டினேன். ஆபீஸில் யார் யார் உள்ளே வரலாம் என்ற பெயர்ப் பதிவு எந்தெந்த மெஷினில் இருக்கிறது என்று சொல்லும் கட்டளை. மூன்று பெயர். இங்கே ஓடுகிற இரண்டு. மூன்றாவது, VEMBAR.

முதன்மை யார் என்று கேட்டேன். அதே VEMBAR.

வேம்பார் கிளையை மூடி ஒரு வருஷத்துக்கு மேல். மெஷின் அங்கே உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் கரண்ட் இல்லாமல் கிடக்கிறது. ஆனால் இந்தக் கட்டளைக்கு அது தெரியாது. பதிவில் பெயர் இருந்தால் போதும், காட்டிவிடும்.

என் வீட்டுக்காரர் அந்தக் கிளையில் வேலை பார்த்தபோது வைத்த மெஷின். எல்லாப் பொறுப்பையும் தன்னிடமே வைத்துக்கொள்கிற ஆள். பீரோ சாவிகூடக் கெஞ்சினால்தான் கைக்கு வரும்.

அக். 28, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம். வாங்க வேண்டியது: மாமிக்கு முட்டுவலித் தைலம், ரவை அரைக் கிலோ, மெழுகுவர்த்தி.

மேனேஜர் என் மேஜை அருகே வந்து நின்றார். “ஏம்மா, அது செத்த மெஷின்தான? இங்கன உள்ளதுக்குப் பொறுப்பக் குடுத்துர வேண்டியதான?”

கொடுக்கலாம். ஓடாத மெஷின் தானாகத் தராது, பறித்துத்தான் கொடுக்க வேண்டும். பறித்தபின் பழையது ஒருநாளும் நெட்வொர்க்குக்குள் வரக் கூடாது. வந்தால் இரண்டும் நான்தான் முதன்மை என்று நிற்கும், பதிவு முழுக்கக் கெட்டுப்போகும். சொன்னேன்.

“அது எங்கம்மா வரப்போவுது” என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. முகம் செத்துப்போனது. கொஞ்ச நேரத்தில் பக்கத்து சீட் சுகந்தியிடம் எனக்கு டீ கொடுத்தனுப்பினார். பாவம்.

அக். 29, புதன்

வேம்பார் கோயில் உபதேசியாரிடமிருந்து போன். கல்லறைத் திருநாள் பூசையில் வாசிக்க, இறந்தவர்கள் பெயர் வெள்ளிக்குள் வேண்டுமாம். எங்கள் வீட்டிலிருந்து பெயர் உண்டா என்றார்.

போன வருஷமும் கேட்டார். அப்போது மாமி போனைப் பிடுங்கி, “எம்பிள்ள கடலுக்குப் போயிருக்கான். வந்ததும் அவன்ட்டயே கேளுங்க” என்று வைத்துவிட்டாள்.

போன வருஷம் ஆடியில், என் வீட்டுக்காரர் தன் பெரியப்பா மகனோடு சும்மா பொழுதுபோக்குக்கு வள்ளத்தில் போனார். வள்ளம் கிடைத்தது. அந்த அண்ணன் உடல் கிடைத்தது. இவர் கிடைக்கவில்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை. பாத்திரம் கழுவினேன்.

அக். 30, வியாழன்

பறித்தாயிற்று. பெயரையும் நீக்கியாயிற்று.

நிச்சயமாகவா என்று திரை கேட்டது. எழுந்து பாத்ரூமுக்குப் போய் அழுதேன். ஒரு இரும்புப் பெட்டிக்கா இவ்வளவு என்று என் மேலேயே எரிச்சல். முகம் கழுவி வந்து, ஆம் என்று அழுத்தினேன்.

மறுபடி அதே கட்டளை. இரண்டே பெயர். புதுசு சமர்த்தாகச் சேர்ந்துகொண்டது.

வீட்டில் தேங்காய் துருவும்போது மாமியிடம் சொன்னேன். மாமிக்கு அந்த மெஷினைத் தெரியும். லீவு நாளிலும் அதைப் பார்க்க ஓடுகிறான் என்று அவரைத் திட்டியிருக்கிறாள்.

“அது திரும்பி வந்துட்டுன்னா?”

“வந்தாலும் உள்ள விடக் கூடாது மாமி.”

என்னையே பார்த்தாள். “அவன் வந்தா?”

துருவியை என் கையிலிருந்து வாங்கி மீதித் தேங்காயை அவளே துருவினாள்.

அக். 31, வெள்ளி

உபதேசியாருக்குப் போன் செய்யவில்லை. செய்ய மாட்டேன். தலைவலி. மாமி காலையில் கோயிலுக்குப் போய் வந்தாள். மீன் வாங்கவில்லை.

நவ. 2, ஞாயிறு

வேம்பார். பஸ்ஸில் நிற்க இடமில்லை. எல்லோர் மடியிலும் பூ.

பூசையில் பெயர் வாசித்தார்கள். அந்த அண்ணன் பெயர். அடுத்து இவர் பெயர். மைக்கில், அவ்வளவு சத்தமாக. நான் கொடுக்கவே இல்லை.

மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். “நாந்தாம்ளா குடுத்தேன். அந்த மெஷின அழிச்சிட்டு வந்து நின்னியே, அந்த மூஞ்சியப் பாத்தேன். இதையும் உன் தலையில வைக்க மனசு வரல.”

கல்லறை இல்லாதவர்களுக்குச் சிலுவை நிற்கும் குருசடியில்தான் மெழுகுதிரி. கடல் காற்று அணைத்து அணைத்துப் போட்டது. மாமி கை மறைத்து மறுபடி மறுபடி ஏற்றினாள். நான் கிட்டே போகவில்லை. என்னால் முடியவில்லை.

நவ. 3, திங்கள்

நல்ல வெயில். புது சர்வர் ஒழுங்காக ஓடுகிறது. மேனேஜருக்குச் சந்தோஷம், எல்லோருக்கும் மக்ரூன்.

சுகந்தி சாப்பிடக் கூப்பிட்டாள். “நீ போ, வாரேன்.”

பெயர் போனாலும் வேம்பார் மெஷினின் நெட்வொர்க் எண் எனக்கு மனப்பாடம். அதைத் தட்டி, இருக்கிறாயா என்று கேட்டுப் பார்த்தேன். பதில் இல்லை. இன்னொரு தடவை. இல்லை.

பதில் வந்தால் உடனே ஓடிப்போய் வயரைப் பிடுங்க வேண்டும். பிடுங்க மாட்டேன். மறுபடியும் தட்டினேன்.