லேபிள் ஒட்டிய கை

மார்ச் 1

என் அன்பு அக்காவுக்கு,

நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னால் பாதியில் குறுக்கே பேசுவாய். கடிதத்தில் அது முடியாது.

எங்கள் ஆஸ்பத்திரியில் வலிப்பு மருந்து அதிகமாகப் போய், நாலு வயதுக் குழந்தை ஒன்று இரண்டு நாள் கண் திறக்காமல் கிடந்தது என்று சொன்னேன் அல்லவா? ஆண்டவர் கிருபை, பிழைத்து வீட்டுக்குப் போய்விட்டது. மருந்து கொடுத்த நர்சை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். சேர்ந்து ஒன்பது மாதம்கூட ஆகாத பெண். "லேபிள்ல இருந்த அளவுதான் சார் குடுத்தேன்" என்று வராந்தாவில் நின்று அழுதாள். பாட்டில் குப்பையோடு போய்விட்டது. யாரும் அவளை நம்பவில்லை.

அவள் சொன்னது உண்மை, அக்கா. அந்த மருந்து இரண்டு வீரியத்தில் வரும். பாட்டில் இரண்டும் ஒரே உயரம், ஒரே நிறம். அன்று மருந்தகத்தில் கூட்டம் நெரித்தது. வீரியம் கூடிய பாட்டிலில் குறைந்ததற்கான லேபிளை ஒட்டிக் கொடுத்தவன் நான். சாயங்காலம் அலமாரியைச் சரிபார்த்தபோது ஒன்று குறைந்தது, மற்றது கூடியது. அப்போதே தெரிந்துவிட்டது. மூன்று வாரமாக வாய் திறக்கவில்லை.

அடுத்த வியாழன் விசாரணை. அதற்கு முன்னால் போய்ச் சொல்லிவிட நினைக்கிறேன். முழங்கால் போட்டால் ஜெபம் வரவில்லை. அந்தப் பெண்ணின் முகம்தான் வருகிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அவளுக்கு ஏழாம் மாதம். எனக்கு ஜெபம் பண்ணக் கற்றுக்கொடுத்தவள் நீ. சொல், என்ன செய்யட்டும்?

உன் தம்பி


மார்ச் 4

தம்பி,

பள்ளிக்கூடம் விட்டு வந்து நின்றபடியே படித்தேன்; பாதியில் உட்கார்ந்துவிட்டேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

போகாதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். குழந்தைதான் பிழைத்துவிட்டதே, அதையே கர்த்தர் உனக்குக் காட்டிய இரக்கம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாதா? லைசென்சைப் பறித்தால் என்ன செய்வாய்? போலீஸ் கேஸ் போட்டால்? பிறக்கப் போகிற பிள்ளையை ஜெயில் கம்பி வழியாகவா பார்ப்பாய்? என் பெரியவளுக்கு இப்போதுதான் ஒரு நல்ல இடம் வந்திருக்கிறது. தாய்மாமன் மேல் கேஸ் இருக்கிறது என்றால் அவர்கள் வாசற்படி ஏறுவார்களா? அந்த நர்ஸ் சின்னப் பெண். வேறு இடத்தில் வேலை கிடைக்கும்.

ஆண்டவரிடம் தனியாக மன்னிப்புக் கேள். அவருக்குத் தெரிந்தால் போதாதா?

அத்தானிடம் நான் மூச்சுவிடவில்லை. உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். இதையும் நீ அப்படியே செய்.

பயத்தோடு,
அக்கா


மார்ச் 12

அன்புள்ள அக்கா,

போய்விட்டேன். மன்னித்துக்கொள்.

செவ்வாய்க்கிழமை வீட்டில் அவளிடம் சொன்னேன். அவள் இஸ்திரிப் பெட்டியை எடுத்து என் முழுக்கைச் சட்டையைத் தேய்த்தாள். "இதைப் போட்டுட்டுப் போங்க. கை நடுங்குறது தெரியாது" என்றாள்.

தெரிந்தது. மறுநாள் ஆஸ்பத்திரி மாடிப்படியில் இரண்டு முறை பாதி ஏறி இறங்கினேன். கண்காணிப்பாளர் அம்மா, "யார் சொல்லி வந்தீங்க?" என்று கேட்டார். கர்த்தர் சொல்லி என்று வாய் வரை வந்தது. அப்படிச் சொல்லி என்னை நல்லவனாக்கிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. "யாரும் இல்ல மேடம். லேபிள் ஒட்டினது நான்" என்றேன்.

"வீட்ல யார் இருக்காங்க?"

"மனைவி. ஏழு மாசம்."

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

"நான் இயேசுவைக் கும்பிடுறவன் மேடம். இதை வச்சுக்கிட்டு அவர் முன்னாடி நிக்க முடியல."

அப்புறம் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். எழுதிக் கொடுத்தேன்.

என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அந்தப் பெண்ணைத் திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம். சபையில் சாட்சி சொல்கிறவர்கள் உடனே மனதில் சமாதானம் வந்தது என்பார்கள். எனக்கு வயிற்றுப்போக்குதான் வந்தது. ஆனால் இன்று காலை ஜெபிக்க முடிந்தது, அக்கா.

திட்டியாவது எழுது.

உன் தம்பி


மார்ச் 20

அக்கா,

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. போனையும் எடுப்பதில்லை. நேற்று போலீஸ் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். மறுபடி வருவார்களாம். கதவு தட்டும் சத்தம் கேட்டாலே இவள் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறாள். நீயும் கைவிட்டுவிட்டாயோ என்றுதான் இப்போது அதிகம் பயமாக இருக்கிறது.

தம்பி


மார்ச் 24

என் தங்கமே,

எழுதாமல் இருந்தது கோபத்தால் அல்ல, வெட்கத்தால். அந்தப் பெண்ணுக்கு வேறு வேலை கிடைக்கும் என்று எழுதினேனே, அந்த வரி என்னைப் பிடுங்கித் தின்கிறது. வகுப்பில் ஒருத்தி பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதினாலே அரை மணி நேரம் புத்தி சொல்கிறவள் நான்.

அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அவர்களிடமும் நானே சொன்னேன். காப்பியைக் கீழே வைத்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். இதுவரை தகவல் இல்லை. உன் மருமகள் அழவில்லை. "மாமாவை மறைச்சுத்தான் கல்யாணம்னா எனக்கு வேணாம்மா" என்றாள். அழுதது நான்தான்.

எல்லாம் நல்லபடியாக முடியும் என்று எழுத எனக்குத் துணிவில்லை. எப்படி முடியும் என்று தெரியவில்லை. பயமும் போகவில்லை, அதோடுதான் ஜெபிக்கிறேன். நீ தப்பித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்பதை விட்டுவிட்டேன். நீ விழாமல் நிற்க வேண்டும் என்று கேட்கிறேன்.

ஒரு மாதம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை காலை ரயிலில் வந்து சேருவேன். ஸ்டேஷனுக்கு வராதே, அவளைத் தனியே விடாதே. நான் வந்த பிறகு யார் தட்டினாலும் அவள் எழுந்திருக்க வேண்டாம், நீயும் எழுந்திருக்க வேண்டாம். கதவை நான் திறக்கிறேன்.

உன் அக்கா