மூன்று வரிசை மரவள்ளி

லாயாங் லாயாங் ரப்பர் தோட்டம்
1943, ஆடி 12

என் வீட்டின் ஒழுகும் கூரையை மாற்றத் தச்சன் வேலு இன்று வந்தான். தோட்டத்துக் கணக்கை எழுதி முடித்து வந்து, போன மாதம் மொத்தமாகப் பேசிய நூறு வெள்ளிப் பணத்தை நீட்டினேன்.

"ஜப்பான்காரன் அடிச்ச வாழைமர நோட்டு வேணாங்க கிராணி. வேலை முடியறதுக்குள்ள வெறும் காகிதமாயிரும். கொல்லையில மூணு வரிசை மரவள்ளி குடுங்க."

முற்றிய வரிசைகளைக் காட்டினேன். அவனோ, போன வாரம் நான் நட்ட குச்சிகளிடம் போய் நின்றான்.

"இது கிழங்கு வைக்க எட்டு மாசமாகுமே?"

"ஆகட்டுங்க. சயாம் ரயில் வேலைக்கு என் பேர எழுதிட்டாங்க. முன்ன போனவங்க சேதியே இல்ல. நான் திரும்பலன்னா, வீட்டுல வந்து புடுங்கிக்குவாங்க."

கூரை நான்கு நாளில் முடிந்துவிடும். அதன்பின் எட்டு மாதம், என் பிள்ளைகளின் பசி அந்த மூன்று வரிசையில் கை வைக்காமல் நான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி என்று சொல்லிவிட்டேன்.